பயிற்சிப் பதிவேடும் அனுமதிப் பதிவேடும்

2024 ஜூலை 15 இரவு 9.55 மணி. அமெரிக்காவில் நோபிஃபோர் நிறுவனம் புதிதாக வேலைக்கு எடுத்திருந்த மென்பொருள் பொறியாளர் ஒருவரின் மேக் கணினியில் தீநிரல் ஏறத் தொடங்கியது. நான்கு காணொளி நேர்காணல்களையும் பின்னணிச் சரிபார்ப்பையும் தாண்டி வந்தவர் அவர். கண்காணிப்புக் குழு அவரை அழைத்துக் கேட்டபோது, இணைய வேகம் குறைவாக இருந்ததால் ரூட்டரைச் சரிசெய்துகொண்டிருந்ததாகச் சொன்னார். 10.20 வாக்கில் கணினியை வலைப்பின்னலிலிருந்து துண்டித்துவிட்டார்கள். திருடப்பட்ட ஓர் அமெரிக்கரின் அடையாளத்தையும் செயற்கை நுண்ணறிவால் திருத்திய புகைப்படத்தையும் வைத்து வேலைக்குச் சேர்ந்த வட கொரிய ஆள் அவர் என்பது பிறகு தெரிந்தது. இந்த விவரங்களை அந்த நிறுவனமே வெளியிட்டது. தரவு எதுவும் வெளியே போகவில்லை என்றும் சொன்னது.

போகாததற்குக் கண்காணிப்புக் குழுவின் வேகம் ஒரு காரணம். நிறுவனம் சொன்ன இன்னொரு காரணம்தான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். அங்கே புதிதாகச் சேர்பவர்களுக்கு மின்னஞ்சல், ஸ்லாக், ஜூம் போன்ற அடிப்படை வசதிகள் மட்டும்தான் திறக்கப்பட்டிருக்கும். சேர்க்கை நடைமுறைக்கும் பயிற்சிக்கும் அவை போதும். வாடிக்கையாளர் தரவு, மூலநிரல், மேகக் கட்டமைப்பு எதற்கும் அந்த ஆளுக்குக் கதவு திறந்திருக்கவில்லை. நோபிஃபோர் உலகெங்கும் பாதுகாப்புப் பயிற்சி விற்கும் நிறுவனம். அனுமதியைப் படிப்படியாகத் திறக்கும் வழக்கத்தைத் தன் வீட்டிலும் கடைப்பிடித்ததால் பெரிய சேதத்திலிருந்து தப்பியது.

பெரும்பாலான அலுவலகங்களில் நிலைமை வேறு. யார் எந்தப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்தார்கள் என்று ஒரு தளம் பதிவு வைத்திருக்கும். யாருக்கு எந்த மென்பொருளில், எந்தத் தரவுத்தளத்தில் அனுமதி இருக்கிறது என்று அடையாள ஆளுகை அமைப்பு தனியாகப் பதிவு வைத்திருக்கும். ஒரே கட்டடத்தில் ஒருவர் வருகைப் பதிவேட்டையும் இன்னொருவர் சாவிப் பதிவேட்டையும் வைத்துக்கொண்டு, ஒருவர் ஏட்டை மற்றவர் பார்க்காமலே காலம் தள்ளுவது போன்ற நிலை இது. இரண்டையும் இணைக்க வேண்டுமா, இணைத்தால் எந்தத் தகவல் எந்தத் திசையில் போக வேண்டும், எது போகக் கூடாது என்பதுதான் கேள்வி. பெயர்ப் பட்டியல் ஆளுகையிலிருந்து பயிற்சிக்குப் போக வேண்டும், பயிற்சி முடித்த செய்தி ஆளுகைக்குத் திரும்ப வேண்டும், போலி மின்னஞ்சல் சோதனையில் ஒருவர் வாங்கிய மதிப்பெண்ணை அனுமதியைத் தீர்மானிக்கும் இடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது என் கருத்து. காரணங்களைப் பார்ப்போம்.

இரண்டு அமைப்புகளும் வெவ்வேறு பயத்தில் பிறந்தவை. அடையாள ஆளுகைக்கு வழிவகுத்தது கணக்கு மோசடி. என்ரான், வேர்ல்ட்காம் சரிவுகளுக்குப் பிறகு 2002இல் அமெரிக்காவில் வந்த சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம், நிதி அறிக்கையைப் பாதிக்கும் உள்கட்டுப்பாடுகளுக்கு நிர்வாகமே பொறுப்பேற்க வேண்டும் என்றது. பில்லை உருவாக்குபவரும் பணத்தை விடுவிப்பவரும் ஒருவராக இருக்கக் கூடாது, யாருக்கு என்ன அனுமதி இருக்கிறது என்பதை மேலாளர் அவ்வப்போது பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்ற நடைமுறைகள் அதனால் வலுப்பெற்றன. ஆயிரக்கணக்கான ஊழியர்களுக்கு இதை எக்செல் தாளில் செய்ய முடியாது. 2005இல் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டினில் தொடங்கிய செயில்பாயின்ட் போன்ற நிறுவனங்கள் அந்தத் தேவையிலிருந்து எழுந்தன.

பயிற்சித் தளங்களுக்கு வழிவகுத்தது தூண்டில் மின்னஞ்சல், அதாவது ஃபிஷிங். கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்விலிருந்து 2008இல் வோம்பாட் நிறுவனம் வந்தது. பிற்பாடு அதை ப்ரூஃப்பாயின்ட் வாங்கியது. நோபிஃபோர் 2010இல் தொடங்கியது. ஆளுகை அமைப்பை வாங்கியவர்கள் தணிக்கைக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள், பயிற்சித் தளத்தை வாங்கியவர்கள் பாதுகாப்புக் குழுவினர், சில இடங்களில் மனிதவளத் துறையினர். பட்ஜெட் வேறு, பொறுப்பாளர் வேறு, ஆண்டறிக்கையில் காட்டும் எண்ணும் வேறு. இணைப்பு தாமதமானதற்குத் தொழில்நுட்பத்தைவிட இந்தப் பிரிவினையே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

தொழில்நுட்பத்தில் கீழ்நோக்கிய பாதை, அதாவது பெயர்ப் பட்டியலைப் பயிற்சித் தளத்துக்கு அனுப்புவது, இன்று அநேகமாகத் தீர்ந்த விஷயம். அதற்கு ஸ்கிம் என்ற பொது நெறிமுறை இருக்கிறது. 2011இல் முதல் வடிவம், 2015 செப்டம்பரில் இணையப் பொறியியல் பணிக்குழு மூன்று ஆவணங்களாக வெளியிட்ட இரண்டாம் வடிவம் என்று வளர்ந்தது. புதிய ஊழியர் ஒருவர் மனிதவள மென்பொருளில் பதிவானதும் ஆளுகை அமைப்பு பயிற்சித் தளத்துக்கு ஒரு கோரிக்கை அனுப்புகிறது. அதில் பயனர்பெயர், முழுப்பெயர், மின்னஞ்சல் இருக்கும். நிறுவனங்களுக்கான விரிவாக்கப் பகுதியில் பணியாளர் எண், துறை, மேலாளர், செலவு மையம் இருக்கும். தளம் கணக்கைத் தொடங்கித் தன் பக்கத்து அடையாள எண்ணைத் திருப்பித் தருகிறது. துறை மாறினால் ஒரு திருத்தக் கோரிக்கை போகும். வேலையை விட்டுப் போனால் 'ஆக்டிவ்' என்ற புலம் 'இல்லை' என்று மாறும்.

அந்தக் கடைசிப் படியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. விலகியவரின் கணக்கை முடக்க வேண்டுமே தவிர அழித்துவிடக் கூடாது. அழித்தால் அவருடைய பயிற்சிச் சான்றும் கூடவே போய்விடலாம். எட்டு மாதம் கழித்துத் தணிக்கையாளர் வந்து, மார்ச் மாதத்தில் இந்த அனுமதி வைத்திருந்த பதினொரு பேரும் அப்போது பயிற்சி முடித்தவர்களா என்று கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. இன்னொன்றும் உண்டு. ராஜினாமா செய்தவர் ஓராண்டில் அதே நிறுவனத்துக்குத் திரும்பி வருவது இன்று சாதாரணம். அவருக்குப் புதிய எண் கொடுத்தால் பழைய வரலாறு ஓரிடத்திலும் புதிய வரலாறு இன்னோரிடத்திலும் கிடக்கும். திரும்பி வருபவரைப் பழைய எண்ணோடு சேர்க்கும் விதியை முதல் நாளே எழுதிவைத்துவிட வேண்டும்.

இந்த எண் விவகாரம்தான் முழுத் திட்டத்துக்கும் அடித்தளம். பல பயிற்சித் தளங்கள் ஆளை மின்னஞ்சலால் அடையாளம் காண்கின்றன. கற்றல் பதிவுகளுக்கான எக்ஸ்ஏபிஐ தரத்திலும் கற்பவரைக் குறிக்க அதிகம் பயன்படுவது மின்னஞ்சல் முகவரியே. மின்னஞ்சலோ மாறக்கூடியது. திருமணத்துக்குப் பிறகு பெயரை மாற்றிக்கொள்பவர் உண்டு. ஒரு கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கினால் ஒரே இரவில் எல்லோருடைய முகவரியின் பின்பாதியும் மாறும். மறுநாள் காலையில் பயிற்சித் தளம் அத்தனை பேரையும் புதியவர்கள் என்று நினைத்து எல்லாப் பாடத்தையும் மறுபடி ஒதுக்கிவிடும்.

பெயரை வைத்துப் பொருத்துவது இன்னும் மோசம், தமிழர்கள் விஷயத்தில் குறிப்பாக. தந்தையின் பெயரை முன்னெழுத்தாக வைத்துக்கொள்ளும் நம் வழக்கத்துக்கு மேற்கத்திய மென்பொருளின் முதற்பெயர், குடும்பப்பெயர் என்ற இரண்டு கட்டங்கள் பொருந்துவதில்லை. ஒரே ஆள் மனிதவளப் பதிவில் 'கார்த்திக் எஸ்', பாஸ்போர்ட்டைப் பார்த்து உருவாக்கிய பதிவில் 'கார்த்திக் சுப்பிரமணியன்', வெளிநாட்டு வாடிக்கையாளரின் அமைப்பில் 'சுப்பிரமணியன் கார்த்திக்' என்று மூன்று பேராக இருப்பார். அதே அலுவலகத்தில் உண்மையாகவே இரண்டு 'கார்த்திக் எஸ்' இருப்பார்கள். ஒருவர் முடித்த பயிற்சி மற்றவர் கணக்கில் ஏறினால் அனுமதி தவறான கைக்குப் போகும். ஆகவே மாறாத பணியாளர் எண் ஒன்றைப் பொருத்தும் திறவாக வைத்துவிட்டு, மின்னஞ்சலைத் தொடர்பு முகவரியாக மட்டும் நடத்துவதே சரி. இதைச் செய்யாமல் மேற்கொண்டு எதைக் கட்டினாலும் ஆடிக்கொண்டே இருக்கும்.

மேல்நோக்கிய பாதைக்கு வருவோம். பயிற்சி முடித்த செய்தி ஆளுகைக்கு எப்படித் திரும்பும்? ஸ்கிம் நெறிமுறையின் பயனர் வடிவத்தில் துறைக்கு இடம் இருக்கிறது, மேலாளருக்கு இடம் இருக்கிறது, பயிற்சிக்கு இடம் இல்லை. விரிவாக்கம் எழுதிச் சேர்க்கலாம். ஆனால் அதை இரண்டு தரப்பும் புரிந்துகொள்ள வேண்டும். கல்வி மென்பொருள் உலகின் பழைய தரமான ஸ்கார்ம், பாடத்தின் நிலையை 'தேறினார்', 'முடித்தார்', 'தேறவில்லை', 'முடிக்கவில்லை', 'மேலோட்டமாகப் பார்த்தார்', 'தொடவே இல்லை' என்று ஆறாகப் பிரித்து வைத்திருக்கிறது. இந்த ஆறையும் ஆளுகை அமைப்பு அப்படியே வாங்கிக்கொள்ளாது. எந்த அனுமதிக்கு 'முடித்தார்' போதும், எதற்கு 'தேறினார்' வேண்டும் என்பதை மனிதர்கள் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

நடைமுறையில் மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. ஒவ்வொரு இரவும் பயிற்சித் தளம் ஒரு சிஎஸ்வி கோப்பை எழுதிவைக்க, ஆளுகை அமைப்பு அதைப் படித்துக்கொள்வது முதல் வழி. பழையது, எளியது, பல இடங்களில் இன்னும் இதுதான் ஓடுகிறது. பயிற்சித் தளத்தின் அறிக்கை ஏபிஐயை ஆளுகை அமைப்பு குறித்த நேரத்தில் அழைத்து வாங்குவது இரண்டாவது. இதில் பக்கம் பக்கமாக வாங்க வேண்டும், ஒரு நாளைக்கு இத்தனை அழைப்புதான் என்ற வரம்பும் இருக்கும். பாடம் முடிந்த கணமே தளம் தானாகச் செய்தி அனுப்புவது மூன்றாவது. காலை பத்து மணிக்குப் பயிற்சி முடித்தவருக்கு உடனே அனுமதி திறப்பது இந்த வழியில்தான். அனுப்பிய செய்தி வழியில் தொலைந்தால் கண்டுபிடிக்க, இரவில் ஒரு முழு ஒப்பீடும் வேண்டும். வாங்கிய தகவலை ஆளின் பண்புகளில் ஒன்றாக வைக்கலாம், அல்லது 'பயிற்சி பெற்றவர்' என்பதையே ஓர் உரிமையாக ஆளுகைக்குள் உருவாக்கலாம். காலாவதித் தேதியும் மறுஆய்வும் உரிமைக்கு இயல்பாகவே உண்டு என்பதால் இரண்டாவதே எனக்குப் பிடித்தது.

இந்தப் பாதையில் ஆபத்தானது ஒரு சின்ன விஷயம். பயிற்சித் தளம் ஓர் இரவு வேலை செய்யாமல் வெற்றுப் பட்டியலைத் திருப்பி அனுப்பினால், 'ஒருவரும் பயிற்சி முடிக்கவில்லை' என்று ஆளுகை அமைப்பு புரிந்துகொண்டு காலைக்குள் எல்லோருடைய அனுமதியையும் பிடுங்கிவிடக்கூடும். 'முடிக்கவில்லை' என்பதும் 'தெரியவில்லை' என்பதும் வேறு வேறு என்று அமைப்புக்குச் சொல்லித் தந்திருக்க வேண்டும். ஒரே ஓட்டத்தில் இத்தனை விழுக்காட்டுக்கு மேல் மாற்றம் வந்தால் நிறுத்திவிட்டு மனிதரைக் கூப்பிடும் வரம்பையும் வைத்தாக வேண்டும். விலகியவர்களின் கணக்குகளைக் கையாள இத்தகைய வரம்பு ஆளுகை மென்பொருள்களில் ஏற்கெனவே உண்டு. பயிற்சித் தரவுக்கும் அதை நீட்டிக்க வேண்டியதுதான்.

இத்தனை சிரமம் எதற்கு என்று கேட்கலாம். சில துறைகளில் சட்டமே கேட்கிறது. இதற்கு நான் அறிந்தவரை மிகக் கறாரான எடுத்துக்காட்டு அமெரிக்க மின்சாரத் துறை. 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் சுமார் 5 கோடி பேருக்கு மின்சாரம் போனது. அது இணையத் தாக்குதல் அல்ல. என்றாலும் மின் தொகுப்பின் நம்பகத்தன்மைக்குக் கட்டாய விதிகள் வேண்டும் என்ற முடிவுக்கு அது இட்டுச் சென்றது. 2005இல் சட்டம் வந்தது. 2008 ஜனவரியில் இணையப் பாதுகாப்பு விதிகளுக்கு ஒப்புதல் கிடைத்தது. அந்த வரிசையில் சிஐபி-004 என்ற விதி பணியாளர்களையும் பயிற்சியையும் பற்றியது.

அதன்படி, மின் தொகுப்பின் முக்கியக் கணினிகளை அணுகும் அனுமதியோ துணையின்றி அந்த அறைக்குள் நுழையும் அனுமதியோ தருவதற்கு முன்பே பயிற்சி முடிந்திருக்க வேண்டும். பார்வையாளர் கட்டுப்பாடு, தகவலைக் கையாளும் முறை, தாக்குதலை அடையாளம் காண்பது, யுஎஸ்பி போன்ற கழற்றி எடுத்துச்செல்லும் சாதனங்களின் ஆபத்து என்று பயிற்சியில் ஒன்பது பொருள்கள் இருந்தாக வேண்டும். 15 நாட்காட்டி மாதங்களுக்கு ஒருமுறையாவது அதைத் திரும்பச் செய்ய வேண்டும். அனுமதி வைத்திருப்பவர் ஒவ்வொருவருக்கும் அனுமதி வழங்கிய பதிவு இருக்கிறதா என்று காலாண்டுக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும். பணிநீக்கம் நடந்தால் 24 மணி நேரத்துக்குள் அணுகலை நீக்க வேண்டும். மீறினால் அபராதத்தின் உச்சவரம்பு நாளொன்றுக்கு 10 லட்சம் டாலருக்கு மேல். 2019 தொடக்கத்தில், பெயர் வெளியிடப்படாத ஒரு மின் நிறுவனத்தின் மீது இந்த விதிவரிசையில் 127 மீறல்களுக்காக 1 கோடி டாலர் அபராதம் அறிவிக்கப்பட்டது.

இந்த விதியோடு வாழும் ஒரு கட்டுப்பாட்டு அறையை நினைத்துப் பாருங்கள். ஜனவரி 10 அன்று பயிற்சி முடித்த இயக்கப் பணியாளரின் தகுதி அடுத்த ஆண்டு ஏப்ரல் கடைசி நாள்வரை நிற்கிறது. மென்பொருளில் யாரோ '450 நாள்' என்று எழுதி வைத்திருந்தால் அவர் சில வாரங்கள் முன்பாகவே தகுதி இழப்பார். வீண் தொல்லை அது. நேர்மாறாக ஒரு நாள் அதிகம் கொடுத்துவிட்டால் விதிமீறல். சின்னக் கணக்குதான், ஆனால் இத்தகைய கணக்குகளைக் கையால் பார்த்துக்கொண்டிருந்த நாள்களை நினைத்தால் இணைப்பின் அருமை புரியும். விதியில் இன்னொரு வரியும் கவனிக்கத்தக்கது. உயிருக்கோ மின் தொகுப்புக்கோ ஆபத்து நேரும் அசாதாரணச் சூழ்நிலையில் பயிற்சியில்லாதவரையும் அனுமதிக்கலாம். புயலில் துணைமின்நிலையம் மூழ்கிக்கொண்டிருக்கும்போது, வேலை தெரிந்த ஆளை வீடியோ பாடம் முடிக்கச் சொல்லி வாசலில் நிறுத்த முடியாது. கட்டாயத்தை இயந்திரத்திடம் ஒப்படைக்கும் எந்த நிறுவனமும் இப்படி ஓர் அவசரக் கதவையும், அதைத் திறந்தவர் பெயரை எழுதிக்கொள்ளும் ஏற்பாட்டையும் வைத்தாக வேண்டும்.

மற்ற விதிகள் இவ்வளவு கறார் இல்லை. கட்டண அட்டைத் துறையின் பி.சி.ஐ. தரம், வேலைக்குச் சேரும்போதும் பிறகு 12 மாதங்களுக்கு ஒருமுறையும் பயிற்சி கேட்கிறது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அனுமதிகளை மறுஆய்வு செய்யச் சொல்கிறது. இரண்டையும் முடிச்சுப் போடவில்லை. அமெரிக்க அரசுத் துறைகளில் நிலைமை மின்துறைக்கு நெருக்கமானது. தரநிலை நிறுவனமான நிஸ்டின் கட்டுப்பாட்டுத் தொகுப்பு, பணி சார்ந்த பயிற்சியை அணுகலுக்கு அனுமதி தருவதற்கு முன்பே தரச் சொல்கிறது. இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2016 ஜூன் 2 அன்று வங்கிகளுக்கு வெளியிட்ட இணையப் பாதுகாப்புச் சட்டகம் ஊழியர் முதல் இயக்குநர் குழுவரை விழிப்புணர்வை வலியுறுத்தியது.

'முன்பே' என்று விதி சொல்லும்போது ஒரு முட்டுக்கட்டை வரும். பயிற்சித் தளத்தில் நுழையவே ஒரு கணக்கு வேண்டும். கணக்கில்லாமல் பயிற்சி இல்லை, பயிற்சி இல்லாமல் கணக்கு இல்லை என்று புதியவர் முதல் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். சேர்ந்ததும் எல்லோருக்கும் கிடைக்கும் பிறப்புரிமை அனுமதிகள் என்று ஒரு சிறு தொகுப்பை வைத்து, அதில் மின்னஞ்சலையும் பயிற்சித் தளத்தையும் சேர்த்துவிட்டு, மற்றதை எல்லாம் பயிற்சிக்குப் பின்னால் வைப்பதே தீர்வு. நோபிஃபோரில் அந்த ஜூலை இரவு காப்பாற்றியது ஏறக்குறைய இதே ஏற்பாடுதான்.

இதுவரை சொன்னதெல்லாம் முடித்தாரா இல்லையா என்ற உண்மையைப் பற்றியது. பயிற்சித் தளங்கள் இன்னொன்றையும் விற்கின்றன. போலித் தூண்டில் அஞ்சல்களை ஊழியர்களுக்கு அனுப்பி, யார் சொடுக்கினார்கள் என்று பார்த்து, ஒவ்வொருவருக்கும் ஓர் ஆபத்து மதிப்பெண் போடுகின்றன. அந்த மதிப்பெண்ணை ஆளுகைக்கு அனுப்பி, அதிகம் வாங்கியவரின் அனுமதியைத் தானாகக் குறைத்துவிடலாம் என்ற யோசனை விற்பனைப் பேச்சுகளில் கவர்ச்சியாக இருக்கும். இதைத்தான் நான் உறுதியாக எதிர்க்கிறேன்.

ஆய்வுகள் அந்த மதிப்பெண்ணை ஆதரிக்கவில்லை. சூரிக்கின் ஈடிஎச் ஆய்வாளர்கள் ஒரு பெரிய நிறுவனத்தில் 14,000க்கும் மேற்பட்ட ஊழியர்களை 15 மாதங்கள் தொடர்ந்து கவனித்து 2022இல் வெளியிட்ட ஆய்வில், சொடுக்கியவுடன் பாடம் காட்டும் முறை ஊழியர்களை உறுதியாக்கவில்லை என்று கண்டார்கள். சந்தேக அஞ்சலை ஊழியர்களே ஒரு பொத்தானை அழுத்திப் புகார் செய்வது நன்றாக வேலை செய்தது. 2025இல் வெளியான சான் டியாகோ ஆய்வு இன்னும் பெரிது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ மருத்துவ அமைப்பில் 19,500க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு எட்டு மாதங்களில் பத்து போலித் தாக்குதல்கள் அனுப்பப்பட்டன. பயிற்சி பெற்றவர்கள் தவறியது பெறாதவர்களைவிட 1.7 விழுக்காடு மட்டுமே குறைவு. ஆண்டுப் பயிற்சியைச் சமீபத்தில் முடித்தவருக்கும் வெகுகாலம் முன்பு முடித்தவருக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை.

அந்த ஆய்வின் ஒரு விவரத்தில் சற்று நின்று யோசிக்கலாம். அவுட்லுக் கடவுச்சொல்லைப் புதுப்பியுங்கள் என்ற அஞ்சலில் 1.82 விழுக்காட்டினர்தான் மாட்டினார்கள். விடுமுறைக் கொள்கை மாறியிருக்கிறது என்ற அஞ்சலில் 30.8 விழுக்காட்டினர். அதே ஊழியர்கள், அதே மருத்துவமனை. அஞ்சல்தான் வேறு. முதல் மாதத்தில் தவறியவர்கள் பத்தில் ஒருவர், எட்டாவது மாதத்துக்குள் குறைந்தது ஒருமுறையாவது தவறியவர்கள் பாதிக்கு மேல். எந்த அஞ்சல் யாருக்குப் போனது என்பதைப் பொறுத்து மாறும் எண்ணை ஒரு செவிலியரின் குணமாக எழுதிவைத்து, அதன் பேரில் நோயாளிப் பதிவேட்டை அவருக்கு மூடினால், பாதிக்கப்படுவது நோயாளி.

இன்னொரு பக்கமும் உண்டு. அனுமதி போய்விடும் என்ற பயம் வந்தால் தவறிச் சொடுக்கியவர் அதை வெளியே சொல்ல மாட்டார். சொடுக்கிய பத்தாவது நிமிடம் ஐடி பிரிவுக்கு ஃபோன் செய்யும் ஊழியர் ஒரு நிறுவனத்துக்குப் பெரும் செல்வம். அவரை வாயடைக்க வைக்கும் எந்த ஏற்பாடும் பாதுகாப்பைக் குறைக்கும். ஆளுகைக்கு எதையாவது அனுப்பத்தான் வேண்டும் என்றால், தாக்குதலுக்கு அதிகம் இலக்காகும் பதவிகள் எவை என்ற தகவலை அனுப்பலாம். அந்தப் பதவிகளுக்கு வன்பொருள் பாதுகாப்புச் சாவி போன்ற வலுவான உள்நுழைவைக் கொடுத்துவிடலாம். தவறான இணைப்பைச் சொடுக்கினாலும் போலித் தளத்தில் அந்தச் சாவி வேலை செய்யாது.

சட்டமும் சில நாடுகளில் குறுக்கே நிற்கிறது. ஊழியரின் நடத்தையைக் கண்காணிக்கக்கூடிய தொழில்நுட்ப ஏற்பாடுகளை அறிமுகப்படுத்துவதில், பணியாளர் மன்றம் உள்ள ஜெர்மானிய நிறுவனங்களில் அந்த மன்றத்துக்கு இணை முடிவுரிமை உண்டு. மனிதர் தலையிடாமல் இயந்திரம் எடுக்கும், ஒருவரைக் கணிசமாகப் பாதிக்கும் முடிவுகளை ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதியின் 22ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. இந்தியாவின் 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ வேலை தொடர்பான காரணங்களுக்கும் நிறுவனத்தை இழப்பிலிருந்து காப்பதற்கும் ஊழியர் தரவைச் சம்மதம் கேட்காமல் கையாள இடம் தருகிறது. சட்டம் தடுக்காத இடத்தில் நிர்வாகத்தின் நிதானம் இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது.

முடித்தாரா என்ற உண்மையைக்கூட இரக்கமில்லாமல் பயன்படுத்த முடியும். மகப்பேறு விடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 திருத்தத்துக்குப் பிறகு இந்தியச் சட்டப்படி அது 26 வாரம். ஆண்டுப் பயிற்சியின் கெடு அந்த இடைவெளியில் விழுந்தால், பிள்ளை பெற்றுத் திரும்பும் பெண் முதல் நாள் காலையில் எல்லாக் கதவும் மூடியிருக்கக் காண்பார். 'பயிற்சி முடிக்காதவர்' பட்டியலில் அவர் பெயர் மேலாளருக்கு மேலாளர்வரை போயிருக்கும். விடுப்பில் இருக்கும் நிலையும் மனிதவள மென்பொருளிலிருந்து வர வேண்டும், அந்த நாள்களில் கெடு ஓடக் கூடாது, திரும்பியபின் சில நாள் அவகாசம் வேண்டும். அனுமதி முன்பே இருந்தவருக்குக் கெடு தவறியதும் துண்டிப்பதைவிட நினைவூட்டல், மேலாளருக்குத் தகவல், பிறகு முக்கிய அனுமதிகளை மட்டும் நிறுத்துவது என்று படியாகப் போவதே முறை.

ஒப்பந்தப் பணியாளர்கள் பற்றிச் சுருக்கமாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் ஓட்டை அங்கேதான் பெரிது. 2013இல் டார்கெட் கடைகளிலிருந்து 4 கோடி அட்டை எண்கள் திருடப்பட்டபோது தாக்குதல்காரர்கள் உள்ளே வந்தது, குளிரூட்டும் வேலை பார்த்த ஓர் ஒப்பந்த நிறுவனத்தின் அணுகல் விவரங்களை வைத்து. இத்தகைய வெளியாட்கள் மனிதவள மென்பொருளில் இருப்பதில்லை. மென்பொருளில் இல்லாததால் பயிற்சித் தளத்துக்கும் அவர்கள் பெயர் போவதில்லை. ஆனால் கணக்கு மட்டும் யாரோ ஒருவரின் மின்னஞ்சல் வேண்டுகோளில் திறந்துவிடும். பயிற்சி முடித்தவர்கள் 98 விழுக்காடு என்று அறிக்கை சொல்லும்போது, அந்த விழுக்காட்டின் பகுதியெண்ணில் யார் இருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். அனுமதி வைத்திருக்கும் எல்லோரையும் எண்ணினார்களா, பயிற்சித் தளத்தில் பெயர் உள்ளவர்களை மட்டும் எண்ணினார்களா? இணைப்பு தரும் மிகப் பெரிய பயனே இந்தக் கேள்விக்குப் பதில் கிடைப்பதுதான் என்று சொல்வேன். அனுமதிப் பட்டியலையும் பயிற்சிப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், முதலாவதில் இருந்து இரண்டாவதில் இல்லாத பெயர்கள் உடனே தெரியும். பாதி பேர் ஒப்பந்தக்காரர்களாக இருக்கலாம். மீதியில் யாரும் சொந்தம் கொண்டாடாத கணக்குகளும் இருக்கும். 2021 மே மாதம் கொலோனியல் எரிபொருள் குழாயை நிறுத்தவைத்த தாக்குதல், பயன்பாட்டில் இல்லை என்று கருதப்பட்ட, இரண்டாம் கட்ட உறுதிப்பாடு இல்லாத ஒரு பழைய விபிஎன் கணக்கின் வழியாக நுழைந்தது. எந்தப் பயிற்சியும் அந்தக் கணக்கைத் திருத்தியிருக்க முடியாது. இரண்டு பட்டியல்களின் ஒப்பீடு அதைக் காட்டிக் கொடுத்திருக்கக்கூடும்.

பயிற்சித் தளமும் ஆளுகைக்கு உட்பட்ட ஒரு மென்பொருள்தான் என்பதையும் மறக்கக் கூடாது. அதன் நிர்வாகி நினைத்தால் நிறுவனம் முழுவதற்கும் மேலாளர் பெயரில் போலி அஞ்சல் அனுப்ப முடியும், ஒருவரை 'முடித்தவர்' என்று கையால் குறிக்கவும் முடியும். பயிற்சி முடித்ததும் அனுமதி திறக்கும் என்றான பிறகு, அந்தக் கைக்குறிப்பு ஒரு சாவிக்குச் சமம். அந்த நிர்வாகிகளின் பட்டியலும், இரு அமைப்புகளுக்கும் நடுவில் பேசும் டோக்கனும் காலமுறை மறுஆய்வுக்குள் வர வேண்டும். வாசிக்க மட்டும் தேவையென்றால் டோக்கனுக்கு வாசிக்கும் உரிமை மட்டும் போதும்.

சென்னையிலும் பெங்களூருவிலும் இத்தகைய இணைப்புகளைக் கட்டியும் பராமரித்தும் வரும் பொறியாளர்கள் ஏராளம். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். விதி தயாரானதும் அதை உடனே இயக்கிவிடாதீர்கள். முதல் மாதம் எந்த அனுமதியையும் தொடாமல், இயக்கியிருந்தால் யார் யாருடைய அனுமதி நின்றிருக்கும் என்ற பட்டியலை மட்டும் தினமும் எடுங்கள். அதில் உள்ள ஒவ்வொருவரையும் அழைத்து ஏன் என்று கேளுங்கள். விடுப்பில் இருந்தவர், பெயர் பொருந்தாதவர், கம்பெனி மாறியவர், பயிற்சி அழைப்பே போய்ச் சேராதவர் என்று பலர் வருவார்கள். அந்தப் பெயர்கள் ஒவ்வொன்றாகத் தீர்ந்து, உண்மையிலேயே பயிற்சி முடிக்காதவர்கள் மட்டும் மிஞ்சிய பிறகு விதியை இயக்குங்கள்.